கல்லீரலுக்கு அப்ரூவல்

திருப்பூர் நகருக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருக்கும் எந்தப் புற்றுநோய்க்கும் இனி ஒளிந்துகொள்ள இடமில்லை என்ற செய்தி, 2006-ஆம் வருஷம் ஆவணி மாதம், பல்லடம் ரோட்டில் பனைமர உயரத்துக்கு நிறுத்தப்பட்ட பிளக்ஸ் பேனர் மூலமாக மனித குலத்துக்கு அறிவிக்கப்பட்டது. மனித குலத்தில் அந்நேரம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட டெய்லர்கள். கம்பெனி வேன் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிட்டு, யாருக்கோ கல்யாணம் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேனரில் இப்படி இருந்தது: "அணுவிலும் நுண்ணிய நானோ துகள்! உடலுக்குள் புகும்! புற்றுநோயைத் தேடும்! பிடிக்கும்! காட்டும்!" கீழே, தெய்வாத்தாள் நினைவு ஸ்கேன் மையத் திறப்பு விழா. அதற்கும் கீழே, விழா மேடையிலேயே முதல் ரிப்போர்ட் வாசிக்கப்படும் என்ற உறுதிமொழி. முதல் ரிப்போர்ட் யாருடையது என்பதைப் பேனரில் பாதியை அடைத்துக்கொண்டு கும்பிட்டு நின்ற உருவம் சொன்னது: பின்னலாடை ஏற்றுமதியாளர், தெய்வாத்தாளின் ஒரே மகன், தங்கவேலு. பெயருக்கு முன்னால் "தன்னையே பரிசோதனைக்குத் தந்த தியாகச் சுடர்" என்று போட்டிருந்தது. அச்சகத்துக்காரரின் யோசனை அல்ல அது. தங்கவேலுவே சொல்லி எழுதியது.

பிளக்ஸில் இருந்த தங்கவேலுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ரோஜாப்பூ நிறம், தலை கொள்ளாத முடி. நிஜத் தங்கவேலுவுக்கு ஐம்பத்திரண்டு. இருவருக்கும் உள்ள ஒற்றுமை வேட்டி மட்டும்தான்.

இவ்வளவும் எதற்கென்றால், ஐப்பசியில் பின்னலாடை உற்பத்தியாளர் நலச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் சுப்பண்ணன். அவர் போன வருஷமே சுடுகாட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொடுத்து, அதில் தன் பெயரையும் நான்கு பக்கமும் எழுதிவைத்திருந்தார். சுடுகாட்டுச் சுவரை மிஞ்ச வேண்டுமானால் சாவையே தடுத்தால்தான் உண்டு என்பது தங்கவேலுவின் கணக்கு.

நோட்டீஸும் அச்சாகி ஊரெல்லாம் பறந்த பிறகு, கோயமுத்தூரில் உட்கார்ந்தபடியே படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டர் போனில் கூப்பிட்டார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

"சார், நோட்டீஸ் பார்த்தேன். ஒரு சின்ன திருத்தம்."

"சொல்லுங்க டாக்டர்."

"இந்த மருந்து கேன்சரைத் தேடிப் போகாதுங்க. இது பொடிப்பொடியான இரும்புத் துகள். ரத்தத்துல ஏத்தினா, நல்ல கல்லீரல்ல இருக்கிற ஒருவகை செல்லுங்க அதை முழுங்கிரும். முழுங்கின இடமெல்லாம் படத்துல கறுத்துப் போயிடும். கேன்சர் இருக்கிற இடத்துல முழுங்கறதுக்கு ஆளில்லை. அது மட்டும் வெள்ளையா நிக்கும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறது."

"அப்ப, தேடிப்போயிப் புடிக்கறது?"

"அது வேற வகை. கேன்சர் மேல போய் ஒட்டிக்கிற மாதிரி துகளுக்கு மேல ஒண்ணைப் பூசி அனுப்பறது. அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எலிக்குப் போட்டுப் பார்த்துட்டிருக்காங்க."

"எலிக்குப் புடிக்குதுங்களா?"

"எலிக்கு நல்லாப் பிடிக்குது."

"அப்பறமென்னங்க? நோட்டீஸ்ல மனுசனுக்குன்னு நாம போடவே இல்லீங்களே. உட்டுருங்க."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தங்கவேலுவின் கல்லீரல், பொதுவாழ்வில் நாட்டமில்லாத ஓர் உறுப்பாக, தன்பாட்டுக்கு இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சரக்கு வாங்குகிற பையர் வந்து அதைச் சோதிக்கும் முன்னால் நாமே ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொள்வது தொழில் பழக்கம். மேடையில் வாசிக்கப்போகும் வயிற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது என்று பட்டது. யாரும் அடையாளம் தெரிந்துகொள்ளாதபடி ஈரோட்டுக்குப் போய், மனைவி மயிலாளை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்தார்.

"கல்லீரல்ல ஒரு நிழல் தெரியுதுங்க" என்றார் ஈரோட்டு டாக்டர்.

"நிழல்னா?"

"ஒரு புள்ளி. கெட்டதா, சும்மாவான்னு இந்த ஸ்கேன்ல சொல்ல முடியாது. இரும்பு மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்க. அதுக்கு நீங்க கோயமுத்தூர் கூடப் போக வேண்டாம், திருப்பூர்லயே வருதாம். யாரோ ஒரு மொதலாளி ரோடு பூரா பேனர் வெச்சிருக்காரே, பாக்கலையா?"

"பாத்தனுங்க" என்றார் தங்கவேலு.

திரும்பி வரும்போது காரில் மயிலாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அம்மா தெய்வாத்தாள் வயிற்றுவலி என்று ஒரு வருஷம் ஓமத்தண்ணீர் குடித்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, கல்லீரலில் இனி நோய் பிடிக்க இடம் பாக்கியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிளக்ஸில் இருந்த மற்றதெல்லாம் தேர்தலுக்கு. அம்மாவின் பெயர் மட்டும் நிஜமாகவே வைத்தது. ஊத்துக்குளி தாண்டும்போது தங்கவேலுவின் கை வலது விலாவை அழுத்திப் பார்த்தது. வலிக்கவில்லை. அம்மாவுக்கும் முதலில் வலிக்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் மயிலாள், "மேடையில ரிப்போர்ட்டுப் படிக்கறதை மட்டும் நிறுத்திப்போடுங்க."

"நிறுத்துனா சுப்பண்ணன் சும்மா இருப்பானா? ஈரல்ல ஏதோ இருக்குது, பயந்துட்டான்னு பத்து பேர்த்துக்கிட்டச் சொல்லுவான்."

"ஈரல்ல ஏதோ இருக்குதுங்களே."

"அது நமக்குத்தான தெரியும்?"

இந்த இடத்தில் தங்கவேலுவின் தொழில்முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாயம் போகுமா, துணி சுருங்குமா என்று சோதிக்க வெளிநாட்டுப் பையர் சொல்லும் லேபுக்கு சாம்பிள் அனுப்ப வேண்டும். மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கிலிருந்து வெட்டி அனுப்புவதைத் தங்கவேலு மரியாதைக்குறைவாக நினைத்தார். அதற்கென்று நல்ல நூலில் தனியாக ஓட்டி, நல்ல சாயத்தில் போட்டு, அலசி, இஸ்திரி வைத்து அனுப்புவார். அப்ரூவல் வந்துவிடும். ஆனால் அவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறவர் அல்ல. ஓடும் சரக்கிலும் ஒரு துண்டு வெட்டி, வேறு பெயரில் இன்னொரு சோதனைக்கு அனுப்புவார். முதல் ரிப்போர்ட் பையருக்கு, இரண்டாவது தனக்கு. ஒன்று மரியாதை, ஒன்று உண்மை. தொழிலுக்கு இரண்டும் வேண்டும். இருபத்தைந்து வருஷம் இந்த முறை அவரைக் கைவிட்டதில்லை.

ஆக, அவருக்கு இப்போது வேண்டியது ஒரு நல்ல கல்லீரல்.

மயிலாளின் தம்பி தங்கதுரைதான் சாயப்பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்திநாலு வயது. டீ கிடையாது, காபி கிடையாது. காலையில் அறுகம்புல் சாறு, மத்தியானம் முளைகட்டிய பயறு. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வடையின் கெடுதல்களை விளக்குகிற ரகம். தங்கவேலுவுக்கு அவனைப் பார்த்தாலே எரியும். அன்று பட்டறை ஆபீஸில் அவனை முதல்முறையாக மேலும் கீழும் பார்த்து, நல்ல சரக்கு என்று நினைத்தார்.

"மாப்ளே, உன்ற கல்லீரல் எப்படி?"

"கண்ணாடியாட்ட இருக்குமுங்க மாமா. நீங்களும் அந்த போண்டாவை மட்டும் உட்டீங்கன்னா..."

"போண்டா கெடக்கட்டும். என்ற பேர்ல நீ போயி அந்த மிஷின்ல படுக்கோணும்."

விஷயத்தைச் சொன்னார். தங்கதுரைக்கு முதலில் பெருமையாக இருந்தது. தன் கல்லீரலை ஒருவர் கேட்டு வருவார் என்று அவன் எதிர்பார்த்தே வளர்த்த மாதிரி இருந்தது அவன் முகம். பிறகுதான் சந்தேகம் வந்தது.

"அப்ப நீங்க படுக்க மாட்டீங்களா?"

"நானும் படுப்பேன். உன்ற பேர்ல."

"என்ற பேர்ல கேன்சர்னு வந்துட்டா?"

"பேருக்குத்தானடா வருது. ஒடம்புக்கா வருது?"

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் தங்கவேலுவாகத் தங்கதுரையும், மத்தியானம் தங்கதுரையாகத் தங்கவேலுவும் ஸ்கேன் மையத்துக்குப் போனார்கள். அங்கே மிஷினை ஓட்ட வேல்விழி என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம். ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. முதலாளியை பிளக்ஸில் பார்த்ததோடு சரி.

மருந்து பாட்டிலில் துரு நிறத்தில் இருந்தது. டார்க் பிரவுன், கொஞ்சம் சிவப்பு அடிக்கிறது என்று தங்கவேலுவின் கண் தன்னையறியாமல் ஷேடு பார்த்தது. கையில் ஊசி குத்தி, அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள்.

"இடுப்பு வலிச்சா சொல்லிப்புடுங்க சார். செலபேருக்கு வலிக்கும்."

"ஏன் அம்மணி, இது உள்ள போயி ஒரே சீராப் புடிச்சுக்குமா?"

"நல்ல எடத்துல பூராம் பிடிச்சுக்கிரும். பிடிக்காத எடம் இருந்தாத்தேன் வம்பு."

"புடிக்காத எடத்துக்கு இன்னொருக்கா ஏத்துனா?"

"என்னா சார், துணியா? திரும்ப முக்கி எடுக்குறதுக்கு?"

தங்கவேலு பேசாமல் படுத்திருந்தார். பேசாமல் படுத்திருக்கும் ஆளைக் கண்டால் வேல்விழிக்குப் பேச்சு வரும்.

"நீங்களாச்சும் ஏதோ டாக்டரு சொல்லி வந்திருக்கீக. காலையில வந்தாரு பாருங்க, இந்த மையத்தோட ஓனரு. பேனர்ல நிக்கிறாருல்ல, அவரு. பேனர்ல வேற மாதிரி இருந்தீகளேன்னு கேட்டேன், பவுடர் போட்டிருந்தேங்குறாரு. நோய் நொடி ஒண்ணுமில்ல. மேடையில பீத்திக்கிறதுக்கு ஒரு பாட்டில் மருந்து வேஸ்ட்டு. இப்படியுமா சார் ஒரு மனுசன் இருப்பான்?"

"இருப்பானுங்க அம்மணி" என்றார் தங்கவேலு.

"அறுகம்புல்லு குடிங்கன்னு எனக்கு வேற அட்வைஸு."

பிறகு அவரைக் குழாய்க்குள் தள்ளினாள். உள்ளே, ஊசி உடைந்த நிட்டிங் மிஷினைப் போல டக்டக்கென்று ஒரு சத்தம். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், நிறுத்தச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். தங்கவேலு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். வெள்ளையா ஒண்ணும் நிக்கக்கூடாது சாமி, எல்லாம் கறுத்துப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். வெள்ளைப் பனியனில் சம்பாதித்து ஆளான மனிதர், ஆயுளில் முதல்முறையாக வெள்ளையை வெறுத்தார்.

விழா அன்று காலை கோயமுத்தூரிலிருந்து இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாக வந்தன. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மயிலாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தார். தங்கவேலு: கல்லீரல் முழுவதும் மருந்தைச் சீராக ஏற்றுக் கறுத்துள்ளது, குறை ஏதுமில்லை. தங்கதுரை: வலது பக்கம் ஓரிடம் மருந்தை ஏற்காமல் வெள்ளையாக நிற்கிறது, சிறியது, புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்கவும்.

மயிலாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அழுவாத. பவுடர் கலையும்" என்றார் தங்கவேலு. பவுடர் போட்டிருந்தது அவர். ஒரு ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மற்றதை அவளிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார்.

சிறப்பு விருந்தினர் ரிப்போர்ட்டை வாசித்து, மாசு மருவற்ற இப்படியொரு கல்லீரலைக் கொங்கு மண்டலம் இதுவரை கண்டதில்லை என்றார். அவர் அதுவரை எந்தக் கல்லீரலையும் கண்டதில்லை என்பது வேறு விஷயம். பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்த சுப்பண்ணன் பக்கத்துக்காரரிடம், "வாரத்துல மூணு நாள் கிளப்புல உக்கார்றவனுக்கு இப்படியொரு ஈரலா? மிஷின்ல கோளாறு இருக்குதுங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்த பேச்சு அது ஒன்றுதான். அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்கள். பொன்னாடை போர்த்தும்போது தங்கவேலுவின் கை தானாக வலது விலாவுக்குப் போனது. நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்கிறார் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

மறுநாள் கோயமுத்தூர் சர்ஜன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டக்காரர் நீங்க மிஸ்டர் தங்கதுரை. இவ்வளவு சின்னதா இருக்கும்போது யாரும் வர்றதில்லை. ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். இந்த வாரமே சேர்ந்துருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மயிலாள் கெஞ்சினாள். "உங்க பேர்லயே சேந்துக்குங்க. தேர்தல் கெடக்குது."

"படம், ரிப்போர்ட்டு எல்லாம் தொரை பேர்ல இருக்குது. என்ற பேர்ல போனா என்ன ஏதுன்னு கேப்பாங்க. மேடையில படிச்சது பொய்யின்னு ஆயிரும்."

"பொய்தானுங்களே."

"மெதுவாப் பேசு."

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் ஒரு நர்ஸ் பேரும் வயசும் கேட்டாள். தங்கதுரை, நாற்பத்திநாலு. அவள் தலையைத் தூக்கித் தங்கவேலுவைப் பார்த்தாள். "ரொம்ப உழைச்சிருப்பீங்க போல" என்று பரிவோடு எழுதிக்கொண்டு, மயிலாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"ஊட்டுக்..." என்று ஆரம்பித்த மயிலாள் நிறுத்தினாள். தங்கதுரையின் வீட்டுக்காரி தமிழ்மதி என்று சர்ஜனிடம் முன்பே எழுதிக்கொடுத்தாகிவிட்டது. தமிழ்மதியோ, புருஷன் நன்றாக இருக்கும்போது தாலியைத் தொட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"அக்காங்க."

"கூடப்பொறந்த அக்காவா?"

"ஆமாங்க. ஒரே வயித்துல பொறந்தது."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய மயிலாள், கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த ஏதோ ஒன்றை அன்று கொஞ்சம் செலவழித்தாள். "தம்பி, செருப்பை வெளிய கழட்டிப் போட்டுட்டு உள்ளாற போடா சாமி" என்றாள். தங்கவேலு கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்.

ஆபரேஷன் அன்று காலை தங்கதுரை போன் செய்தான். விஷயம் முடிகிறவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கச் சொல்லி அவனைக் குன்னத்தூரில் தோட்டத்துச் சாளை வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். சும்மா இருந்ததில் அவனுக்கு யோசனை ஓடியிருக்கிறது.

"மாமா, ஒரு சந்தேகமுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா..."

"வாயைக் கழுவுடா."

"கழுவிட்டனுங்க. ஆயிருச்சுன்னா, சர்டிபிகேட்டுல நான்தானுங்களே செத்திருப்பேன்?"

தங்கவேலுவுக்கு அதுவரை இது தோன்றியிருக்கவில்லை.

"நீங்க இருக்கமாட்டீங்க, ஆனா உசுரோட இருக்கறதா இருக்கும். நான் இருப்பேன், ஆனா செத்தவன். பட்டறை லைசென்சு என்ற பேர்லதானுங்க இருக்குது. செத்தவன் எப்படீங்க மாமா பாய்லரை ரினீவல் பண்றது?"

மச்சினன் உயிர்மேல் காட்டிய அக்கறைக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தார். மயக்கத்துக்கு ஓர் ஊசி போட்டு ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "தங்கதுரை... தங்கதுரை..." என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகுதான் தன்னைத்தான் என்று உறைத்தது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. இதிலேயே முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தார். பல்லடம் ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைப்பார்கள். அதில் அறுகம்புல் குடிக்கிறவன் படம் இருக்கும். தான் சம்பாதித்தது, பேசியது, பயந்தது எல்லாம் போக, கடைசியில் செத்ததுகூடத் தன் கணக்கில் வராது. வயிற்றுக்குள் இருந்த பயத்தைவிட இது பெரிய பயமாக வந்து உட்கார்ந்தது. தியேட்டர் கதவருகே நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, நான் தங்கதுரை இல்லீங்க. என்ற பேரு தங்கவேலு. எழுதிக்குங்க."

நர்ஸ் உள்ளே திரும்பி, "டாக்டர், மயக்கம் நல்லாவே பிடிச்சிருக்கு" என்றாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எடுத்த துண்டைச் சோதித்து, அது புற்றுநோய்தான், மொத்தமாக வெளியே வந்துவிட்டது என்றார்கள்.

அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரோ ஒருவர் அதே ஆஸ்பத்திரிக்கு வந்து, கதவில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தங்கதுரைக்குக் கேன்சராம். கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் நோய் என்றால் ஒறம்பரை என்று சொல்லப்படும் சொந்தபந்தம் மொத்தமும் ஹார்லிக்ஸோடு கிளம்பிவிடும். முதலில் வந்து சேர்ந்தது சொந்தமல்ல, சுப்பண்ணன். கையில் ஆரஞ்சுப் பை.

காலடிச் சத்தம் கேட்டுத் தங்கவேலு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுகோஸ் டியூபை மயிலாள் தலையணைக்கு அந்தப்பக்கம் மறைத்தாள்.

"தொரை எங்க?" என்றார் சுப்பண்ணன், கட்டிலைப் பார்த்தபடி.

"ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போயிருக்கறாங்கண்ணா" என்றாள் மயிலாள்.

"இவன் ஏன் இங்க படுத்திருக்கறான்?"

"மூணு நாளாக் கூடவே இருந்து பாத்துக்கிட்டனுங்க" என்றார் தங்கவேலு. தையல் போட்ட இடம் சுண்டி இழுத்ததில் குரல் மெலிதாக வந்தது. "இப்பத்தான் சித்த சாஞ்சேன்."

"நோயாளி கட்டில்லயா சாயுவ? வயித்தைக் கிழிச்சுட்டு அவன் வந்தா எங்கய்யா படுப்பான்? எந்திரி."

"எந்திரிக்க முடியலீங்க."

"முடியாது. எப்படி முடியும்?" சுப்பண்ணன் ஆரஞ்சுப் பையை மயிலாளிடம் மட்டும் கொடுத்தார். "அம்மிணி, உன்ற தம்பிக்குன்னு வாங்கியாந்தது. இவனுக்கு ஒரு சுளை குடுக்காத."

அன்று பொழுது சாய்வதற்குள் திருப்பூரில் எல்லா நிட்டிங் கம்பெனிக்கும் இந்தச் செய்தி போய்விட்டது. மாசில்லாத கல்லீரல்காரன், சாகக்கிடக்கிற மச்சினனின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, போர்வையும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று சுப்பண்ணன் சத்தியம் செய்தார்.

தேர்தலில் தங்கவேலுவின் பெயரை முன்மொழிய இருந்தவர்களுக்கு வாய் வரவில்லை. சுப்பண்ணனுக்கும் முழு ஆதரவு இல்லை. சுடுகாட்டுச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் ஊருக்கு ஒரு சங்கடம். யாரோ ஒருவர், சாவைத் தொட்டுவிட்டு வந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று எடுத்துக்கொடுக்க, தங்கதுரை ஏகமனதாகச் சங்கத் தலைவர் ஆனார். இனி அவரை அவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். புற்றுநோயை எப்படி வென்றேன் என்ற தலைப்பில் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மிஷின் கண்டுபிடித்தது, கத்தி வெட்டியது, ஆனால் காப்பாற்றியது அறுகம்புல் என்றார். சொல்லச்சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. உணர்ச்சியான இடங்களில் வலது விலாவைப் பிடித்துக்கொள்வார். பல கூட்டங்களில் தங்கவேலு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருந்தது. பலமாகத் தட்டினால் தழும்பு இழுத்தது. மெதுவாகத் தட்டினார். அதையும் பார்த்துவிட்டு, பொறாமை என்றார்கள்.

நடுவில் டாக்டர் சொன்ன தேதி தவறாமல் கோயமுத்தூருக்குப் போய், தங்கதுரை என்ற பெயரில் சோதித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் டாக்டர், "தங்கதுரை நல்லா இருக்கார்" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். தங்கவேலு நன்றாக இருக்கிறானா என்று உலகத்தில் எங்கேயும் யாரும் எழுதித்தரவில்லை. இரண்டு வருஷம் பொறுத்தார். 2008-இல் ஒருநாள், போனது போகட்டும், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு, மயிலாளை மனைவியாகவே அழைத்துக்கொண்டு, தெய்வாத்தாள் நினைவு ஸ்கேன் மையத்துக்குப் போனார். வேல்விழிதான் இருந்தாள்.

"என்ற பேர்ல ஒரு ஸ்கேன் எடுக்கோணும் அம்மணி. தங்கவேலு. இந்த மையத்தோட ஓனரு நான்தான். அந்த நானோ மருந்து போட்டே எடுங்க."

அவள் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். என்ன கேட்டாலும் சொல்லத் தயாராக நின்றார்.

"அந்த மருந்து இப்ப வர்றதில்ல சார்" என்றாள். "செஞ்ச கம்பெனிக்காரனே நிறுத்திப்புட்டான்."

"ஏனுங்க, ஏதாச்சும் கெடுதலா?"

"கெடுதல்லாம் இல்ல சார். யாவாரமே ஆகலையாம்."

தங்கவேலு தொழில்காரர். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

சாதாரண ஸ்கேன் எடுத்தார்கள். தங்கவேலு, வயது 54, கல்லீரலில் ஒரு துண்டு குறைகிறது, மற்றபடி நார்மல் என்று வந்தது.